"ரீடிங் கோர்ஸ் எடுக்கலாமா அக்கா?": எம்.எஸ்சி. கணிதம், புள்ளியியல் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

செமஸ்டர் தொடங்கும் மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். பெங்களூரில் எம்.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படிக்கும் நம் பிள்ளைகள், அதிலும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வந்தவர்கள், "அக்கா, ரீடிங் கோர்ஸ்னு ஒண்ணு லிஸ்ட்ல இருக்கு, எடுக்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். மாணவியாக ஒருமுறை அதை எடுத்தேன். இப்போது ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துவதால் அதே கூத்தை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் துறையின் ரெகுலேஷனை ஒருமுறை படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

ரீடிங் கோர்ஸ் என்றால் சரியாக என்ன? புராஜெக்டும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. வகுப்பில் நடத்தாத ஒரு விஷயத்தை நீங்களே படிக்கிறீர்கள். ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை உங்களை உட்காரவைத்து, இல்லையில்லை, பலகை முன்னால் நிற்கவைத்து, படித்ததைச் சொல்லச் சொல்கிறார். கடைசியில் ஓர் அறிக்கை, ஒரு வைவா, அதற்கு கிரெடிட். அவ்வளவுதான்.

புராஜெக்டில் கடைசியில் ஒரு பொருள் வெளியே வந்தாக வேண்டும்: ஒரு டேட்டா அலசல், ஒரு புரோகிராம், முடிந்தால் ஒரு புது முடிவு. ரீடிங் கோர்ஸில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு தேற்றத்தை, அதில் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த இடத்தில் உடையும் என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும். இது எளிது என்று நினைத்து வருபவர்கள் மூன்றாவது வாரத்தில் முகம் வாடி நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும்?

தேசிய கிரெடிட் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல் என்று கணக்கு. நான்கு கிரெடிட் என்றால் 120 மணி. செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால் வாரம் எட்டு மணி. இதில் ஆசிரியரோடு இருப்பது ஒரு மணிதான், மீதி ஏழும் உங்கள் தலையில். "டைம்டேபிள்ல அந்த பீரியட் காலியா இருக்கு, நல்லா இருக்கே" என்று சந்தோஷப்பட்டு எடுத்துவிட்டு, அந்தக் காலி பீரியடில் கேன்டீனில் உட்கார்ந்தவர்களின் கதையை நான் சொல்லப் போவதில்லை, அவர்களில் நானும் ஒருத்தி.

ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் பஸ்ஸில் பக்கங்களைப் புரட்டலாம், நிரூபணம் மட்டும் ஓடாது. சில்க் போர்டு சிக்னலில் எப்சிலான் டெல்டா யாருக்கு ஏறும்? காகிதம் விரிக்க ஓர் இடமும், தொந்தரவில்லாத இரண்டு மணி நேரமும் வாரத்தில் மூன்று தடவை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காதென்றால் இந்த செமஸ்டர் வேண்டாம்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான். "ஃபங்ஷனல் அனாலிசிஸ் படிக்கணும்", "மெஷின் லேர்னிங்கில் வரும் கணிதம் முழுக்க" என்று வருவார்கள். ஒரு வகுப்பறையே இரண்டு செமஸ்டர் உட்கார்ந்து படிக்கும் விஷயம் அது. தலைப்பு ஒரே ஒரு தேற்றத்தின் பெயராகவோ ஒரே ஒரு கேள்வியாகவோ இருக்கட்டும். அதைப் புரிந்துகொள்ள என்னென்ன வேண்டுமோ அவை தானாகப் பின்னால் வந்துவிடும்.

நான் முதலில் எழுதிக்கொடுத்த தலைப்பு "நிகழ்தகவுச் செயல்முறைகள்". ஊரையே வளைத்துப் போட்டுவிட்டேன் என்று நினைப்பு. என் கைடு மேடம் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து மொத்தத்தையும் அடித்து, "குடும்பப் பெயர் அழிந்துபோகுமா?" என்று எழுதினார். அது என்ன என்று கீழே வருகிறது.

கணிதக்காரர்களுக்குச் சில யோசனைகள்: ஸ்டோன்-வியர்ஸ்ட்ராஸ் தேற்றம், அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும், மார்ட்டிங்கேல் குவிதல் தேற்றம், ஃபூரியே தொடர் ஒரு புள்ளியில் குவியாமல் போவது எப்படி. புள்ளியியல்காரர்களுக்கு: 1977இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும் முன்வைத்த, தரவில் சில விடுபட்டிருந்தாலும் மதிப்பிட உதவும் ஈ.எம். வழிமுறை ஏன் ஒவ்வொரு படியிலும் லைக்லிஹுடைக் குறைக்காது; கையில் இருக்கும் மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுக்கும், எஃப்ரான் 1979இல் கொடுத்த பூட்ஸ்ட்ராப் எந்த இடத்தில் தோற்கும்; மதிப்பீட்டின் மாறுபாட்டுக்கு ராவ் 1945இல் கண்ட கீழ்வரம்பை எட்டும் மதிப்பீட்டான்கள் எவை. இந்த ராவ், சி.ஆர். ராவ், நம் கர்நாடகத்து ஹடகலியில் பிறந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நினைத்துப் படிக்கலாம்.

உங்கள் துறையில் வழக்கமாக நடத்தும் பேப்பரை ரீடிங் கோர்ஸாக எடுக்க அநேகமாக விடமாட்டார்கள். அரியர் வைத்த பேப்பருக்குப் பதிலாக இதை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கைடாக யாரைக் கேட்பது? எப்படிக் கேட்பது?

பெயர் பெற்றவரைத் தேடாதீர்கள், வாரம் தவறாமல் இருப்பவரைத் தேடுங்கள். செமஸ்டரில் பாதி நாள் கான்ஃபரன்ஸுக்குப் பறக்கும் பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இதற்குத் தோதுப்படமாட்டார்.

வெறுங்கையோடு போய், "சார், உங்ககிட்ட ரீடிங் கோர்ஸ் பண்ணணும்" என்று நிற்கவும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் கேள்வி, அதற்கு இதுவரை படித்த எந்தப் பாடம் உதவும், எதைப் பார்த்துப் படிக்கப் போகிறீர்கள், வாரவாரியாக எதுவரை, கடைசியில் எதைக் காட்டுவீர்கள். வாரக் கணக்கு எப்படியும் பிசகும். ஆனாலும் அது இருந்தால் ஆசிரியர் "இதை மூன்றாகக் குறை" என்று சொல்ல ஏதோ ஒன்று கையில் இருக்கும். அவர் ஒத்துக்கொண்டதும் அந்தப் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கி, எச்.ஓ.டி.யிடமும் வாங்கி, அலுவலகத்தில் கொடுத்து, ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பி இதைச் செய்யவில்லை. கைடு பாதியில் நீண்ட விடுப்பில் போய்விட்டார், பதிவேட்டில் அவன் பெயரே ஏறியிருக்கவில்லை. ஒரு செமஸ்டர் உழைப்பு மார்க் ஷீட்டுக்கு வராமலே போனது.

வாரச் சந்திப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

இதைத்தான் நீளமாகச் சொல்ல ஆசை. இந்தக் கோர்ஸே அந்த ஒரு மணி நேரம்தான்.

மேடம் கொடுத்த கேள்வியின் கதை இது. 1873இல் கால்டன் என்பவர் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு கணக்குப் போட்டார்: ஒவ்வோர் ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இன்னின்ன நிகழ்தகவு என்றால், ஒரு குடும்பப் பெயர் காலப்போக்கில் அழிந்துபோக என்ன வாய்ப்பு? வாட்சன் என்ற பாதிரியார் விடை தந்தார், இருவரும் சேர்ந்து 1874இல் கட்டுரையும் வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் அழிந்தே தீரும் என்பது வாட்சனின் முடிவு. அது தப்பு. அழியும் நிகழ்தகவைத் தரும் சமன்பாட்டுக்கு ஒன்று என்பது எப்போதுமே ஒரு தீர்வு. அதைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது அதைவிடச் சிறிய தீர்வு ஒன்று உண்டு, அதுதான் சரியான விடை. (அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு, அடுத்த தலைமுறையில் அதையும் மாற்றிவிடும் நமக்கு இந்தக் கவலையே கிடையாது என்று மேடத்திடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் விடவில்லை.)

நான்காவது வாரம். சராசரி சரியாக ஒன்று என்றாலும், எல்லோருக்கும் தவறாமல் ஒரே பிள்ளை என்ற சப்பை நிலையைத் தவிர்த்தால், வம்சம் நிச்சயம் அழியும் என்று பலகையில் முடித்துவிட்டேன். பிறப்பாக்கச் சார்பின் வளைவு, மூலைவிட்டக் கோடு, எல்லாம் அழகாக வரைந்தாயிற்று. சாக்பீஸைக் கீழே வைக்கப் போனேன்.

"ஐம்பதாவது தலைமுறையில் சராசரியாக எத்தனை பேர்?" என்றார் மேடம்.

"ஒருத்தர் மேடம். ஒன்றை ஒன்றால் பெருக்கிக்கொண்டே போனால் ஒன்றுதானே."

"ஆயிரமாவதில்?"

"அதிலும் ஒன்று."

"கடைசியில்?"

"பூஜ்யம். அழிந்துவிடும் என்று இப்போதுதானே நிரூபித்தேன்."

"அப்படியானால் அந்த ஒன்று எங்கே போயிற்று?"

பதில் இல்லை. நிரூபணத்தில் ஒரு வரி தப்பில்லை. ஆனால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்பது எனக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. "அடுத்த வாரம்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆர் மொழியில் பத்து வரி எழுதினேன். ஆயிரம் வம்சங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை சராசரி ஒன்று கொண்ட பாய்சான் பரவல், ஐம்பது தலைமுறை. கடைசியில் மிஞ்சியவை நாற்பதுக்கும் சற்றுக் குறைவு. மற்றதெல்லாம் பூண்டற்றுப் போயிருந்தது. ஆனால் மிஞ்சிய ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபத்தைந்து பேருக்கு மேல். தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபத்தாறில் ஒன்று, பிழைத்தால் ஏறக்குறைய இருபத்தாறு பேர். பெருக்கினால் ஒன்று! அந்த ஒன்று எங்கும் போகவில்லை, அபூர்வமாகத் தப்பிய சில பெரிய குடும்பங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. தலைமுறை ஏறஏறத் தப்புவோர் குறைவார்கள், தப்பியவர்களின் குடும்பம் பெருகும். பிழைக்கும் வாய்ப்பு இந்த வேகத்தில் குறையும் என்பதை 1938இலேயே ரஷ்யக் கணித மேதை கோல்மகோரவ் காட்டியிருக்கிறார்.

அன்றைக்குத்தான், எல்லையின் சராசரி சராசரிகளின் எல்லையைத் தாண்டாது என்று சொல்லும் ஃபாட்டூ துணைத்தேற்றத்தில் ஏன் சமக்குறி இல்லாமல் சிறியது-அல்லது-சமம் குறி நிற்கிறது என்று எனக்கு உறைத்தது. மெஷர் தியரி பேப்பரில் அந்தத் தேற்றத்துக்கு நான் முழு மார்க் வாங்கியவள்.

ஆகவே உங்கள் சந்திப்பும் இப்படித்தான் இருக்கும். எதைப் படித்தீர்களோ அதைப் பலகையில் போடுவீர்கள். ஆசிரியர் நடுவில் ஒரு சின்னக் கேள்வி கேட்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். நோட்டைப் பார்த்து எழுத அனுமதி கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் "தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம், மார்க் குறையாது. சுற்றிவளைத்து மழுப்பினால் குறையும். நான் குறைத்திருக்கிறேன்.

நான் புள்ளியியல். எனக்குப் பலகை எதற்கு? லேப்டாப் போதாதா?

லேப்டாப் மட்டும் இருந்தால் படங்கள் வரும். ஏன் அப்படி வந்தது என்பது வராது.

போன வருடம் என்னிடம் ஒரு தங்கச்சி பூட்ஸ்ட்ராப் எடுத்தாள். பூஜ்யத்திலிருந்து ஏதோ ஒரு உச்சவரம்பு வரை சீராகப் பரவிய இருபது எண்கள், அவற்றில் பெரிய எண்ணை வைத்து வரம்பை மதிப்பிட வேண்டும். பத்தாயிரம் தடவை மறுமாதிரி எடுத்து ஹிஸ்டோகிராம் போட்டாள். வலது ஓரத்தில் ஒற்றைக் கம்பம், மற்றவை தரையோடு தரையாக. "கோடில் ஏதோ பக் இருக்கு மேடம்" என்றாள், இரண்டு நாள் அதைத் தேடியிருக்கிறாள். பக் எதுவும் இல்லை. இருபது எண்ணிலிருந்து திருப்பிப்போட்டு இருபது எடுக்கும்போது அந்தப் பெரிய எண் ஒருமுறைகூட அகப்படாமல் போக நிகழ்தகவு 0.95இன் இருபதாம் அடுக்கு, அதாவது சுமார் 0.36. ஆக 64 சதவீதத் தடவை மறுமாதிரியின் பெரிய எண்ணும் அதே எண்தான். மாதிரியின் அளவு எத்தனை கூடினாலும் அது 63 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. உண்மைப் பரவலில் இப்படி ஒரு புள்ளியில் குவியல் கிடையாது. பூட்ஸ்ட்ராப் இங்கே பொய் சொல்கிறது.

இது பலகையில் மூன்று வரி. அந்த மூன்று வரிக்குப் பிறகுதான் ஹிஸ்டோகிராம் அவளுடையதாயிற்று.

தனியாகத்தான் எடுக்க வேண்டுமா? நண்பனோடு சேர்ந்து எடுக்கலாமா?

விதி அனுமதித்தால் இருவர் நல்லது, மூவர் வேண்டாம். மூன்று பேர் இருந்தால் ஒருவர் எப்போதும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சேர்ந்து படிப்பதற்கு நம் ஆட்களே நல்ல முன்னுதாரணம். 1950களின் பிற்பகுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் (ஐ.எஸ்.ஐ.) சி.ஆர். ராவின் கீழ் நான்கு இளைஞர்கள் இருந்தார்கள்: ரங்கா ராவ், சென்னைக்காரர்களான கே.ஆர். பார்த்தசாரதி, எஸ்.ஆர்.எஸ். வரதன், பெங்களூரில் பிறந்து சென்னையில் படித்த வி.எஸ். வரதராஜன். அங்கே வகுப்பில் கிடைக்காத நவீன நிகழ்தகவையும் அனாலிசிஸையும் தாங்களே படித்து ஒருவருக்கொருவர் செமினார் நடத்திக்கொண்டார்கள். வரதன் அங்கே போனதே தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு படிக்கலாம் என்றுதான். 1962இல் கோல்மகோரவ் வந்தபோது அவர் முன்னால் தன் வேலையைப் பற்றிப் பேசும் நிலைக்கு வந்திருந்தார். 2007இல் கணிதத்தின் உச்சப் பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு. பரிசை விடுங்கள், நமக்கு வேண்டியது அந்த செமினார் பழக்கம்.

யூடியூப், என்பிடெல், ஏ.ஐ. எல்லாம் இருக்கும்போது கைடு எதற்கு?

என்பிடெல் வீடியோக்களைத் தாராளமாகப் பாருங்கள். ஏ.ஐ.யிடம் நிரூபணம் கேட்டால் கொடுத்துவிடும், சில சமயம் நடுவில் ஓட்டை இருக்கும், பல சமயம் சரியாகவே இருக்கும். சரியாக இருப்பதுதான் தொல்லை. வாட்சனுக்கு எங்கே சறுக்கியது என்று கேட்டால் நொடியில் சொல்லிவிடும், நீங்களும் "ஓ, அப்படியா" என்று அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். ஒரு வாரம் மண்டையைக் குடைய வேண்டிய கேள்வியை ஒரு நிமிடத்தில் தீர்த்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஆன பிறகு கேளுங்கள் என்பது என் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி. கடைப்பிடிக்கிறார்களா என்பது பலகைக்கு வந்ததும் தெரிந்துவிடும்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். இங்கிலீஷில் விளக்கத் திணறுவேனே?

நானும்தான். பலகைக்கு இது பெரிய தடையில்லை, குறியீடுகள் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் இரவு தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். "எந்தச் சின்ன எண்ணைக் கொடுத்தாலும், ஒரு கட்டத்துக்கு மேலே எல்லா உறுப்பும் எல்லையிலிருந்து அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும்" என்று அம்மாவிடம் போனில் சொல்ல முடிந்தால் குவிதல் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதை இங்கிலீஷில் நான்கு குட்டி வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மேடம் கன்னடக்காரர். நான் தடுமாறினால் "கொத்தாயித்து, முந்தெ ஹேளு" என்பார். புரிந்தது, மேலே சொல் என்று பொருள். இலக்கணம் பார்த்து அவர் ஒருமுறைகூட மார்க் போட்டதில்லை.

அறிக்கை வேறு விஷயம். அதைக் கணிதக் குறியீடுகளை அழகாக அச்சிடும் லேடெக் மென்பொருளில் எழுதுங்கள், முதல் மாதத்திலிருந்தே வாரம் இரண்டு பக்கம். கடைசி வாரத்தில் லேடெக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

மார்க் எப்படிப் போடுவார்கள்?

வாரச் சந்திப்புகளுக்கு ஒரு பங்கு, அறிக்கைக்கு ஒரு பங்கு, வைவாவுக்கு ஒரு பங்கு. விகிதத்தை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது முன்னுரையை அல்ல, உதாரணங்களை. புத்தகத்தில் இல்லாத, நீங்களே போட்ட ஓர் உதாரணம், ஓர் எதிர் உதாரணம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நாற்பது பக்கம் வேண்டாம், பதினைந்து போதும்.

நெட், கேட் தேர்வுக்கு உதவுமா?

நேரடியாக இல்லை. அவை அகலம் கேட்கும், இது ஆழம். பிஎச்.டி. நேர்காணலுக்கு நன்றாக உதவும். அங்கேயும் பலகைதான்.

எங்கள் கல்லூரியில் ரீடிங் கோர்ஸே கிடையாது. என்ன செய்வது?

கிரெடிட் இல்லாமல் செய்யுங்கள். ஒத்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர் போதும், கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. மல்லேஸ்வரம் பக்கம் ஐ.ஐ.எஸ்சி., மைசூர் ரோடு எட்டாவது மைலில் ஐ.எஸ்.ஐ.யின் பெங்களூர்க் கிளை, எலஹங்காவில் டி.ஐ.எஃப்.ஆரின் கணித மையம், ஹெசரகட்டா பக்கம் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐ.சி.டி.எஸ். என்று நான்கு இடங்களில் கணிதப் பேச்சுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அறிவிப்பைப் பார்த்து, வெளியாட்கள் வரலாமா என்று ஒரு மெயில் போட்டுவிட்டுப் போங்கள். அல்சூரிலிருந்து மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் ஞானபாரதி, அங்கிருந்து ஐ.எஸ்.ஐ.க்கு ஆட்டோ. முதல் பத்து நிமிடத்துக்கு மேல் புரியாது, எனக்கும் பல பேச்சுகளில் அப்படித்தான். கேள்வி நேரத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பலகை இல்லையே அக்கா?

நான்கு பேர் தங்கும் பி.ஜி. அறையிலிருந்து வந்த கேள்வி இது. கப்போர்டு கதவில் ஒயிட்போர்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், ஸ்டேஷனரிக் கடையில் சுருளாகக் கிடைக்கும். வார்டன் திட்டினால் கழற்றிவிடலாம். கேட்க ஆள் வேண்டுமே என்றால், அறைத்தோழன் காமர்ஸ் படித்தாலும் பரவாயில்லை. "அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்று கேட்க மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.